உயரம் நில்லாத ரம்பம்

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

திருகு அளவியில் பின்னடைவுப் பிழை, சாய்தளத்தில் உராய்வுக் கோணம், நகரும் நுண்ணோக்கியை ஒரே திசையில் திருக வேண்டும் என்ற எச்சரிக்கை ஆகியவை செய்முறைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் பெறுவதோடு முடிந்துவிடும் செய்திகள் என்றே நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். எங்கள் வீட்டு மரப்பட்டறையில் பழுதாகி நின்ற ஒரு மேசை ரம்பம் அந்த எண்ணத்தை மாற்றிற்று. அதைப் பழுது பார்த்த வரலாற்றையும், அதனுள் அடங்கியிருக்கும் இயற்பியலையும் மாணவ நண்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழுதின் தொடக்கம்

அப்பா அந்த ரம்பத்தைப் பழைய இயந்திரமாகவே வாங்கினார். வெளிநாட்டில் செய்யப்பட்டது. கனத்த வார்ப்பிரும்பு மேசை, அடியில் மூடிய பெட்டி, முன்புறம் ஒரு கைச்சக்கரம், பக்கத்தில் மற்றொன்று. முன்சக்கரத்தைத் திருகினால் வட்ட ரம்பத் தட்டு மேசைக்கு மேல் எழும் அல்லது இறங்கும்; பக்கச் சக்கரம் தட்டைச் சாய்க்கும். பல ஆண்டுகள் அது குறையின்றி உழைத்தது.

பிறகு ஒரு குறை தலைகாட்டியது. கதவு நிலைச்சட்டத்தில் 12 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் காடி எடுத்தால், ஓரிடத்தில் 12 இருக்கும். கணு உள்ள இடத்தில் 13-ஐத் தாண்டிவிடும். கதவு காடியில் சீராக உட்காராது. நான்கு நிலைகள் திரும்பி வந்தன. அப்பா கைச்சக்கரத்தின் நடுவே உள்ள பூட்டுக் குமிழை மேலும் மேலும் இறுக்கினார். குமிழின் மரை தேய்ந்ததுதான் மிச்சம். கடைசியில், உயரத்தை நம்ப முடியாததால், தட்டை எப்போதும் முழு உயரத்தில் நிறுத்திவிட்டுப் பலகை அறுக்க மட்டும் அதைப் பயன்படுத்தலானார். ஒரு அங்குலப் பலகைக்கு மேல் இரண்டு அங்குலம் ரம்பப் பல் வெறுமனே சுழன்றுகொண்டிருந்தது. அதைக் காணும்போதெல்லாம் அப்பாவின் விரல்களைத்தான் நான் பார்த்தேன்.

உதிரிப் பாகம் கேட்டுச் சென்றபோது கிடைத்த பதில் சுருக்கமானது. அந்த மாதிரி இப்போது செய்யப்படுவதில்லை, பாகமும் வராது, பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிடலாம் என்றார்கள். அன்றிரவுதான் நான் முதன்முறையாக அந்தப் பெட்டியைத் திறந்து உள்ளே பார்த்தேன்.

உயரம் மாற்றும் அமைப்பு

வட்ட ரம்பம் புதிய கருவி அன்று. இங்கிலாந்தில் சாமுவேல் மில்லர் என்பவர் 1777-இல் பெற்ற காப்புரிமையிலேயே அது குறிப்பிடப்படுகிறது. ஆனால் மேசையை அசைக்காமல் தட்டை மட்டும் ஏற்றவும் சாய்க்கவும் கூடிய மேசை ரம்பங்கள் இருபதாம் நூற்றாண்டில்தான் பட்டறைகளில் பரவின. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் இருந்த டெல்டா நிறுவனம் 1939-இல் வெளியிட்ட 'யூனிசா' என்னும் ரம்பம் அவற்றுள் பெயர் பெற்றது.

இத்தகைய இயந்திரங்களில் உயரத்தை மாற்றும் முறைகள் பெரும்பாலும் இரண்டு வகைப்படும். சிறிய ரம்பங்களில் மோட்டாரும் தட்டும் சேர்ந்து நிற்கும் சட்டத்தை ஒரு செங்குத்துத் திருகு தூக்கும். கைப்பிடியின் சுழற்சியை ஒரு சோடி கூம்புப் பற்சக்கரங்கள் அத்திருகுக்குக் கொண்டு செல்லும். பெரிய ரம்பங்களில் தட்டு பொருத்திய அச்சு ஒரு கையின் நுனியில் இருக்கும். அந்தக் கையின் மறுபுறம் விசிறி வடிவில் பற்கள் வெட்டப்பட்டிருக்கும். கைச்சக்கரத் தண்டின் மேல், பட்டறையில் 'வார்ம்' என்று சொல்லப்படும் திருகு ஒன்று அந்த விசிறிப் பற்களைக் கவ்விக்கொண்டிருக்கும். சக்கரத்தைச் சுழற்றினால் வார்ம் சுழலும், விசிறி நகரும், கை எழும், தட்டு உயரும். எங்கள் ரம்பம் இரண்டாம் வகை.

எங்கள் இயந்திரத்தின் அளவுகளைக் கொண்டே கணக்குப் பார்ப்போம். விசிறி முழு வட்டமாக இருந்தால் 80 பற்கள் இருக்கும். உண்மையில் அதில் ஒரு பகுதியாகிய 12 பற்களே உள்ளன. வார்ம் ஒருமுறை சுழன்றால் விசிறி ஒரு பல் நகரும். அதாவது கை 360-ஐ 80-ஆல் வகுத்த 4.5 பாகை திரும்பும். கையின் நீளம் 150 மில்லிமீட்டர். ஆகவே கை படுக்கையாக இருக்கும் நிலையில் ஒரு சுற்றுக்குத் தட்டு ஏறத்தாழ 11.8 மில்லிமீட்டர் உயரும். ஏழு சுற்றுகளில் முழு உயரமும் கிடைத்துவிடும்.

தானே பூட்டிக்கொள்ளும் திருகு

சக்கரத்தைத் திருகினால் தட்டு எழுகிறது. தட்டை அழுத்தினால் சக்கரம் ஏன் சுழல்வதில்லை? மோட்டாரின் எடை முழுவதும் அந்தக் கையில் தொங்கியும் அது ஏன் கீழே இறங்கிவிடுவதில்லை?

திருகு என்பது ஓர் உருளையைச் சுற்றிய சாய்தளமே. வார்மின் புரியிடைத் தூரம் 6.65 மில்லிமீட்டர், சராசரி விட்டம் 32 மில்லிமீட்டர், சுற்றளவு 100.5 மில்லிமீட்டர். எனவே சாய்வுக் கோணத்தின் டேன் மதிப்பு 6.65-ஐ 100.5-ஆல் வகுத்த 0.066, கோணம் சுமார் 3.8 பாகை. எண்ணெய் பட்ட இரும்புப் பரப்புகளின் உராய்வுக் கெழுவை 0.1 எனக் கொண்டால் உராய்வுக் கோணம் 5.7 பாகை ஆகும். சாய்வுக் கோணம் உராய்வுக் கோணத்தை விடக் குறைவாக இருந்தால், சாய்தளத்தின் மேல் வைத்த பொருள் தானாக வழுக்கி இறங்காது என்பது நாம் முதலாண்டிலேயே படித்த பாடம். அதே பாடம்தான் மோட்டாரைத் தொங்கவிட்டிருக்கிறது.

ஆனால் மோட்டார் ஓடும்போது ஏற்படும் அதிர்வில் உராய்வின் பிடி தளரக்கூடும். அதற்காகத்தான் பூட்டுக் குமிழ். குமிழ் கைச்சக்கரத் தண்டு சுழலாமல் தடுக்கும். அவ்வளவே அதன் வேலை. வார்முக்கும் விசிறிப் பல்லுக்கும் இடையே இடைவெளி இருந்தால் குமிழை எவ்வளவு இறுக்கினாலும் அந்த இடைவெளி குறையாது. அப்பாவின் உழைப்பு வீணானதற்கு இதுவே காரணம்.

இனி, காடி ஏன் ஆழமாயிற்று என்பதைப் பார்ப்போம். ரம்பத் தட்டின் முன்பக்கப் பற்கள் மேலிருந்து கீழாக வந்து மரத்தை மேசையோடு அழுத்துகின்றன. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி மரம் தட்டை மேல்நோக்கித் தள்ளுகிறது. மென்மையான மரத்தில் இந்த விசை சிறியது. கையின் எடை அதை வென்று தட்டைக் கீழேயே வைத்திருக்கும். கணு வந்தாலோ, பல் மழுங்கியிருந்தாலோ விசை பெருகும். அப்போது பல் இடைவெளியின் அளவுக்குத் தட்டு மேலே குதிக்கும். காடியில் 13-ஐத் தாண்டிய இடங்கள் எல்லாம் கணுக்களாக இருந்ததன் விளக்கம் இதுதான்.

கோணமானி கொண்டு அளத்தல்

இடைவெளி எவ்வளவு என்பதை அறிய விலை உயர்ந்த கருவி தேவையில்லை. பள்ளியில் பயன்படுத்திய கோணமானியை ஓர் அட்டையில் ஒட்டிக் கைச்சக்கரத்தின் பின்னால் பொருத்தினேன். சக்கரத்தில் ஒரு கம்பி முள் கட்டினேன். சக்கரத்தை ஒரு திசையில் மெல்லத் திருகித் தட்டு அசையத் தொடங்கும் கோணத்தையும், எதிர்த்திசையில் திருகி மீண்டும் அசையும் கோணத்தையும் குறித்துக்கொண்டேன். இவ்விரண்டின் வேறுபாடே வெற்றுச் சுழற்சி. ஆய்வுக்கூடத்தில் பின்னடைவுப் பிழை என்று நாம் எழுதுவது இதைத்தான்.

ஒரு முழுச் சுற்று, அதாவது 360 பாகை, 6.65 மில்லிமீட்டருக்குச் சமம். நடு உயரத்தில் வெற்றுச் சுழற்சி 40 பாகை இருந்தது. எனவே பல் இடைவெளி 0.74 மில்லிமீட்டர். விசிறியின் ஆரம் 84.7 மில்லிமீட்டர், கையின் நீளம் 150, ஆகவே நுனியில் இந்த இடைவெளி 1.77 மடங்கு பெரிதாகி 1.3 மில்லிமீட்டர் ஆகிறது. காடியில் நாங்கள் கண்ட வேறுபாடும் இதுவே! காரணத்தைச் சரியாகப் பிடித்துவிட்டோம் என்ற நம்பிக்கை அப்போதுதான் பிறந்தது.

அடுத்து, தட்டை முழுவதும் தாழ்த்தியும் முழுவதும் உயர்த்தியும் அளந்தேன். அங்கே வெற்றுச் சுழற்சி 8 பாகைதான். ஆண்டுக்கணக்கில் ஒரே கனமுள்ள பலகைகளை அறுத்ததால் நடுவிலுள்ள மூன்று நான்கு பற்கள் மட்டுமே தேய்ந்திருந்தன. ஓரப் பற்கள் புதியவைபோல் இருந்தன. இச்செய்தி பின்னால் மிகவும் பயன்பட்டது.

வெற்றுச் சுழற்சி முழுவதும் பல் தேய்வாலேயே வருவதன்று. கைச்சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பார்க்க வேண்டும். தண்டு நீளவாக்கில் ஆடினால், அதைத் தாங்கும் வளையத்தின் திருகாணி தளர்ந்திருக்கிறது என்று பொருள். அதை இறுக்கினாலே பாதிக் குறை தீரும். சக்கரம் சுழன்றும் தட்டு அசையவே இல்லையானால் வார்மைத் தண்டோடு பிணைக்கும் ஊசி முறிந்திருக்கும். சக்கரம் கனமாகச் சுழன்றால் பெரும்பாலும் தூள் அடைப்பே காரணம். பாகத்தை மாற்றுவதற்கு முன் இவற்றை ஒவ்வொன்றாக விலக்கிக்கொள்வது நன்று.

கழற்றுமுன் செய்ய வேண்டியவை

முதலில் மெயின் சுவிட்சை அணைத்து, பியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பட்டறையில் வேறொருவர் அறியாமல் போட்டுவிடக்கூடும். அடுத்து ரம்பத் தட்டைக் கழற்றி அப்புறப்படுத்த வேண்டும். பிறகு பெல்ட்டை எடுத்துவிட வேண்டும்.

மிக முக்கியமான ஒன்று உண்டு. மோட்டாரின் எடையைத் தாங்கிக்கொண்டிருப்பது வார்ம்தான். வார்மைத் தளர்த்தினால் மோட்டாரும் கையும் ஒருசேரக் கீழே விழும். ஆகையால் மோட்டாருக்கு அடியில் மரக்கட்டைகளை அடுக்கி எடையை அவற்றின்மேல் இருத்திய பின்னரே திருகாணிகளைத் தொட வேண்டும். ஒவ்வொரு பாகமும் இருந்த நிலையைச் சுண்ணாம்புக் கட்டியாலோ ஆணிக் கீறலாலோ குறித்துக்கொண்டால், திரும்பப் பூட்டும்போது குழப்பம் வராது.

உள்ளே நாங்கள் கண்டது பற்களை விட அதிகமாக மரத்தூளையே. எப்போதோ யாரோ தடவிய கெட்டி கிரீசும் தூளும் மரப்பிசினும் சேர்ந்து பற்களின் அடியில் கல்போல் இறுகியிருந்தன. மூங்கில் சிம்பால் சுரண்டி, மண்ணெண்ணெயில் நனைத்த கம்பித் தூரிகையால் தேய்த்துத் துடைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆயிற்று. அந்த வேலை நடக்கும் இடத்தில் பீடியும் நெருப்பும் ஆகா என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மண்ணெண்ணெய் முழுவதும் உலர்ந்த பின்னரே மின்சாரம் தர வேண்டும்.

துப்புரவு செய்த பின்தான் உண்மைத் தேய்வு தெரிந்தது. வார்மின் நடுப்புரிகள் கத்தி விளிம்புபோல் மெலிந்திருந்தன. புதிய வார்ம் கடைந்தே ஆக வேண்டும்.

6.5 தந்த தோல்வி

பழைய வார்மைக் கடைசல் பட்டறைக்கு எடுத்துச் சென்றோம். அங்கிருந்தவர் எஃகு அளவுகோலை வைத்து ஒரு புரியிலிருந்து அடுத்த புரிக்குள்ள தூரத்தைப் பார்த்து, "ஆறரை" என்றார். இரண்டு நாளில் பளபளப்பான புதிய வார்ம் வந்தது. பொருத்திச் சுழற்றினோம். சற்றுத் திரும்பியதும் இறுகி நின்றுவிட்டது.

காரணம் எளியது. வார்ம் ஒரே நேரத்தில் ஒரு பல்லை மட்டும் கவ்வுவதில்லை. அருகருகே மூன்று பற்களைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஒரு புரியில் 0.15 மில்லிமீட்டர் பிழை இருந்தால் இரண்டு புரி தள்ளி 0.3 மில்லிமீட்டர் ஆகிவிடும். நடுப் பல் சரியாகப் பொருந்தும்போது அடுத்த பற்கள் புரியின் சுவரில் முட்டும்.

அப்போதுதான் ஆய்வுக்கூட முறை நினைவுக்கு வந்தது. தனி ஊசலின் அலைவு நேரத்தைக் காண நாம் ஓர் அலைவை அளப்பதில்லை; இருபது அலைவுகளை அளந்து இருபதால் வகுக்கிறோம். அளவையில் நேரும் பிழையும் இருபதால் வகுபடுகிறது. அதேபோல் வெர்னியர் அளவியால் வார்மின் தேயாத ஓரப் புரி ஒன்றின் விளிம்பிலிருந்து ஐந்து புரிகள் தள்ளி அதே பக்க விளிம்பு வரை அளந்தேன். பலமுறை அளந்ததில் 33.2-க்கும் 33.3-க்கும் இடையிலேயே வந்தது. ஐந்தால் வகுக்கச் சுமார் 6.65.

6.65 என்பது என்ன கணக்கு? மில்லிமீட்டர் அளவில் முழு எண்ணுமில்லை, அரையுமில்லை. கால் அங்குலமோ என்றால் அது 6.35. இரண்டு நாள் இந்த எண் என்னைத் துரத்திக்கொண்டிருந்தது.

பையும் பன்னிரண்டும்

எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் எண்ணைக் காட்டினேன். அவர் உடனே விடை கூறவில்லை. "பற்சக்கரத்தை எதைக் கொண்டு அளப்பார்கள், விட்டத்தைக் கொண்டா, சுற்றளவைக் கொண்டா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியே விடையாயிற்று.

பற்சக்கரம் செய்பவர்கள் விட்டத்தை முழு எண்ணாக வைத்துக்கொள்வார்கள். அங்குல முறையில், ஓர் அங்குல விட்டத்துக்கு எத்தனை பற்கள் என்பதே அளவு. 12 என்ற அளவுள்ள சக்கரத்தில் 80 பற்கள் இருந்தால் அதன் விட்டம் 80-ஐ 12-ஆல் வகுத்த 6.667 அங்குலம். ஆனால் பற்கள் வெட்டப்படுவது சுற்றளவில். சுற்றளவு என்பது விட்டத்தின் பை மடங்கு. ஆகையால் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையே உள்ள தூரம் பை-யைப் பன்னிரண்டால் வகுத்த அளவு, அதாவது 0.2618 அங்குலம், மில்லிமீட்டரில் 6.65!

இதைச் சரிபார்க்க மற்றொரு வழியும் இருந்தது. பல்லின் நுனிவரை அளக்கும் வெளி விட்டம், பற்களின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால் வரும். கை திரும்பும் அச்சின் மையத்திலிருந்து விசிறிப் பல்லின் நுனிவரை நான் அளந்தது ஏறத்தாழ 87 மில்லிமீட்டர். கணக்குப்படி 80 பற்களுக்கு 86.8 வர வேண்டும். இரண்டும் பொருந்தின.

இப்போது கடைசல்காரருக்கு ஒரு சிக்கல். அவருடைய லேத்தில் உள்ள லீட் ஸ்க்ரூவுக்கு அங்குலத்துக்கு நான்கு புரிகள். பை என்பதோ எந்தப் பின்னத்துக்கும் அடங்காத எண். அதை இரும்புப் பற்சக்கரங்களால் எப்படிப் பெறுவது? நாம் ஆரம்பப் பள்ளி முடிந்ததும் கற்ற 22/7 இங்கே கை கொடுத்தது. வேண்டிய புரி 22/7-ஐப் பன்னிரண்டால் வகுத்தது. லீட் ஸ்க்ரூவின் புரி கால் அங்குலம். இவற்றின் விகிதம் 22/21. இதை 11/7 பெருக்கல் 2/3 என்று பிரிக்கலாம். ஓட்டும் சக்கரங்களாக 55, 40 பற்களும், ஓடும் சக்கரங்களாக 35, 60 பற்களும் உள்ளவற்றைப் பூட்டினால் போதும். நான்கும் அவருடைய பெட்டியிலேயே இருந்தன! இவ்வாறு கிடைக்கும் புரி 6.652 மில்லிமீட்டர், உண்மையான அளவு 6.650. ஒரு புரிக்கு வரும் பிழை தலைமயிரின் கனத்தில் ஒரு சிறு பகுதியே.

புரியின் வடிவத்தையும் கவனிக்க வேண்டியிருந்தது. பழைய பற்சக்கரங்களில் பல்லின் அழுத்தக் கோணம் பெரும்பாலும் 14.5 பாகை. எனவே அவற்றோடு சேரும் வார்மின் புரி இரு பக்கமும் சேர்த்து 29 பாகை விரிந்திருக்கும். ஆக்மி மரை கடையும் உளியின் கோணமும் 29 பாகையே. பழைய வார்மின் தேயாத ஓரப் புரியில் உளியைப் பொருத்திப் பார்த்து அவர் அதை உறுதி செய்துகொண்டார். "ஏன் தம்பி, பள்ளிக்கூடத்து இருபத்திரண்டு ஏழுக்கு இப்படி ஒரு வேலை இருக்குன்னு யாருமே சொல்லலையே!" என்று அவர் வியந்தார். அவருடைய வியப்பு என்னுடையதும்தான்.

பொருத்தும் முறை

புதிய வார்ம் தடையின்றிச் சுழன்றது. ஆனால் விசிறிப் பற்களின் தேய்வு இருந்தபடியே இருந்தது. வார்ப்பிரும்பாலான அந்தக் கையை மாற்ற வழியில்லை. இத்தகைய ரம்பங்கள் பலவற்றில் வார்ம் தண்டைத் தாங்கும் புஷ், மையம் விலகியதாகத் துளையிடப்பட்டிருக்கும். அதைச் சிறிது திருப்பினால் வார்ம் விசிறியை நெருங்கும் அல்லது விலகும். எங்கள் ரம்பத்திலும் அது இருந்தது.

இங்கேதான் பலரும் தவறு செய்வர். ஆட்டம் அதிகம் உள்ள நடுப்பகுதியில் வைத்துக்கொண்டு ஆட்டம் முழுவதும் போகும்வரை இறுக்கினால், தேயாத ஓரப் பற்களுக்கு வரும்போது வார்ம் சிக்கிக்கொள்ளும்; வலிந்து திருகினால் பல் உடையும். ஆகவே மிக இறுக்கமான இடத்தை முதலில் தேடி, அங்கே சக்கரம் லேசாகச் சுழலும் அளவுக்கு மட்டும் நெருக்கி, புஷ்ஷைப் பூட்ட வேண்டும். எஞ்சும் ஆட்டத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். எங்கள் ரம்பத்தில் வேலை முடிந்தபின் ஓரங்களில் 6 பாகையும் நடுவில் 15 பாகையும் வெற்றுச் சுழற்சி எஞ்சியது. தட்டின் நுனியில் அது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். முன்பு 1.3. குறை முற்றும் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் மரவேலைக்கு அரை மில்லிமீட்டர் பொறுக்கத்தக்கது. கணு உள்ள சட்டத்தில் காடியை இரண்டு தடவையாக எடுத்தால், இரண்டாம் தடவை விசை குறைவாக இருப்பதால், அந்த அரையும் தெரிவதில்லை.

பராமரிப்பு

இனி இந்நிலை வராமல் காப்பதற்கு நாங்கள் கைக்கொண்டுள்ள பழக்கங்கள் சில உண்டு.

முதலாவது, பற்களுக்குக் கெட்டி கிரீஸ் தடவுவதில்லை. அது தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; தூளும் கிரீசும் சேர்ந்தால் சாணைக்கல்லின் வேலையைச் செய்யும். அதற்குப் பதிலாக உலர்ந்த கிராபைட் பொடியையோ, மெல்லிய மெழுகுப் பூச்சையோ பயன்படுத்துகிறோம். பென்சிலில் உள்ள அதே கிராபைட்தான். அதன் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதால் எண்ணெயின்றியே உராய்வைக் குறைக்கிறது.

இரண்டாவது, மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து தூளை அகற்றி, தட்டை அடியிலிருந்து முடிவரை ஏற்றி இறக்குகிறோம். ஒரே பற்கள் மட்டும் உழைத்து மற்றவை துருப்பிடிப்பதை இது தடுக்கும்.

மூன்றாவது, உயரம் வைக்கும்போது கடைசித் திருகல் எப்போதும் மேல்நோக்கியே இருக்க வேண்டும். தட்டைத் தாழ்த்தி நிறுத்தினால், கையின் அச்சில் உள்ள உராய்வால் அது பாதி வழியில் தொங்கி, ஓடும்போது அதிர்ந்து பிறகு இறங்கக்கூடும். உயர்த்தி நிறுத்தினால் எடை முழுவதும் வார்மின் மேல் அமர்ந்துவிடும். உயரம் கூடிவிட்டால் ஒரு சுற்று தாழ்த்தி மறுபடி ஏற்ற வேண்டும். நகரும் நுண்ணோக்கியை ஒரே திசையில் திருகச் சொல்லும் எச்சரிக்கையே இது.

நான்காவது, ரம்பப் பல் மழுங்குமுன் சாணை பிடிக்கிறோம். மழுங்கிய பல் மரத்தை அறுப்பதை விடத் தள்ளுவதே அதிகம்; அந்தத் தள்ளல் முழுவதும் வார்மையே தாக்கும்.

ஐந்தாவது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோணமானியை மாட்டி வெற்றுச் சுழற்சியை அளந்து, பட்டறைச் சுவரில் தொங்கும் அட்டையில் எழுதி வைக்கிறோம். எண் வளர்ந்தால் குறை வளர்கிறது என்று பொருள். காடி கெட்ட பின் அறிவதை விட எண்ணைக் கண்டு அறிவது மேல்.

முடிவுரை

ஒரு நிறுவனம் ஓர் இயந்திரத்தைச் செய்வதை நிறுத்திவிடலாம். அதன் உதிரிப் பாகங்களையும் நிறுத்திவிடலாம். ஆனால் அந்த இயந்திரம் எந்த விதிகளின்மேல் நிற்கிறதோ அவற்றை எவரும் நிறுத்த முடியாது. சாய்தளமும், உராய்வும், பையும் எந்தக் கடையிலும் கேட்டு வாங்க வேண்டியவை அல்ல. நம் பாடநூலிலேயே இருக்கின்றன. அளக்கத் தெரிந்தவனுக்கு அவை உதிரிப் பாகங்களே.

இதில் என் பங்கு சிறிது. கடைந்தவர் கடைசல்காரர், வழி காட்டியவர் பேராசிரியர், கட்டையடுக்கி மோட்டாரைத் தாங்கி, நாள் முழுவதும் தூள் சுரண்டியவர் அப்பா. நான் செய்தது ஐந்து புரிகளை அளந்து ஐந்தால் வகுத்தது ஒன்றே.

இப்போது அப்பா பலகையை மேசைமேல் வைத்து, அதன் பக்கத்தில் குனிந்து பார்த்து, பலகைக்கு மேல் ரம்பப் பல்லின் அளவே தெரியுமாறு தட்டை உயர்த்தி நிறுத்துகிறார். திரும்பி வந்த நான்கு நிலைகளுக்கும் புதிய சட்டங்கள் அறுத்துக் கொடுத்தாயிற்று. முழு உயரத்தில் வெறுமனே சுழலும் பற்களை எங்கள் பட்டறையில் இப்போது காண முடியாது. கையொப்பத்துக்காக எழுதிய ஒரு செய்முறைக்கு இதைவிடப் பெரிய மதிப்பெண் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை.